கிரீடத்துக்குப் பின்னால் ஓராண்டு வேலை: அமெரிக்கக் கவுண்டி கண்காட்சி ராணியின் பொறுப்புகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் ஜூலை, ஆகஸ்ட் பிறந்தால் கவுண்டிக்கு ஒரு கண்காட்சி நடக்கும். கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. அயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள் உள்ளன. மாடு, பன்றி, செம்மறி, கோழி, மக்காச்சோளம், பூசணி, ஊறுகாய், தையல் என எல்லாமே அங்கே போட்டிக்கு வரும். ராட்டினமும் டிராக்டர் இழுவைப் போட்டியும் கூட இருக்கும். இந்தக் கூட்டத்துக்கு நடுவே, தலையில் கிரீடமும் தோளில் குறுக்காகப் பளபளக்கும் பட்டையும் அணிந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் தொழுவம் தொழுவமாக நடந்துகொண்டிருப்பார். அவர்தான் அந்த ஆண்டின் கண்காட்சி ராணி.

புகைப்படத்தில் மட்டும் பார்ப்பவர்கள் இதை ஒரு கிராமத்து அழகிப் போட்டி என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். முடிசூட்டு விழா ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது ஓராண்டுக்கான பொதுப்பணி. அந்தப் பணியில் தேறினாரா இல்லையா என்பது மேடையில் தெரியாது. கால்நடைக் களத்திலும் ஏலக் கொட்டகையிலும்தான் தெரியும். ராணியைத் தேர்ந்தெடுக்கும் கண்காட்சிக் குழுக்கள் பலவும் இதை மறந்துவிட்டுப் பின்னால் சிரமப்படுகின்றன.

ராணி என்ற பதவி ஏன் வந்தது

எல்கனா வாட்சன் என்பவர் 1807இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு ஊர்ப் பொதுவெளியில் இரண்டு மெரினோ செம்மறிகளைக் கட்டிவைத்துக் காட்டினார். உயர்ந்த கம்பளி தரும் ஆட்டைப் பக்கத்து விவசாயிகள் நேரில் பார்த்தால் தாங்களும் வளர்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அடுத்த சில ஆண்டுகளில் அது பெர்க்ஷயர் வேளாண் சங்கத்தின் கண்காட்சியாக வளர்ந்தது. நல்லதைக் காட்டு, பரிசு கொடு, அடுத்தவர் கற்றுக்கொள்ளட்டும் என்ற அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. 1902இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய மன்றம் பின்னாளில் ஃபோர்-எச் இயக்கமானது. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கப் பணிக்கு நாடு முழுவதும் அடித்தளம் போட்டது. இவற்றால் கண்காட்சிக் களம் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளின் கைக்கும் வந்தது. இன்றைய ராணிகளில் பலர் ஃபோர்-எச் மன்றங்களிலும், பள்ளிகளில் வேளாண்மை படிக்கும் மாணவர்களின் அமைப்பான எஃப்எஃப்ஏவிலும் கன்றும் பன்றியும் வளர்த்தவர்கள்.

1920இல் அமெரிக்கர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பண்ணைகளில் வாழ்ந்தார்கள். அன்று கண்காட்சிக்கு வந்தவருக்கு மாட்டைப் பற்றி யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. இன்று பண்ணைகளில் வாழ்பவர்கள் 2 விழுக்காட்டைத் தொடுவதில்லை. வாயிலைத் தாண்டி உள்ளே வருபவர்களில் பெரும்பாலோர் பால் கறப்பதையே பார்த்திராதவர்கள். பண்ணைக்காரர்களுக்கோ, கேமராவோடு வரும் அந்நியரிடம் பேசக் கூச்சம். கன்றைக் குளிப்பாட்டும் அவசரம் வேறு. இந்த இரண்டு கூட்டத்தையும் பேசவைக்க ஓர் ஆள் வேண்டும். கிரீடம் அணிந்தவரிடம் குழந்தைகள் தாமாகவே ஓடி வருவார்கள், பெற்றோர் பின்னாலேயே வருவார்கள். ராணிக்கு வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தேர்வு

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், கவுண்டிக்குக் கவுண்டி மாறும். வயது பெரும்பாலும் 16க்கும் 21க்கும் இடையில். அந்தக் கவுண்டியில் குடியிருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பதவிக்காலம் முழுவதும் இருக்க முடியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைத்த மூன்று முதல் ஐந்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரை நடுவராக வைத்தால் முடிவு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஊர் நம்பாது. தோற்ற வீட்டார் அடுத்த ஆண்டு கண்காட்சிக்குப் பொருள் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள். வெளியூர் நடுவர் என்ற விதியை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது.

போட்டியின் கூறுகளும் இடத்துக்கு இடம் வேறு. பென்சில்வேனியாவில் மாநிலச் சுற்றுக்குப் போகும் ராணிகள் தங்கள் கண்காட்சி ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்று கட்டுரை எழுத வேண்டும், எங்கள் கண்காட்சிக்கு ஏன் வர வேண்டும் என்று மேடையில் பேச வேண்டும். இல்லினாயில் மேடைத் தோற்றத்துக்கும் மாலை உடைக்கும் இடம் கூடுதல். மாநிலப் போட்டி ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும், அங்கு வெல்பவர் ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஸ்பிரிங்ஃபீல்டு, டு கொய்ன் ஆகிய இரண்டு மாநிலக் கண்காட்சிகளிலும் பணியாற்றுவார். அயோவாவில் கவுண்டி ராணிகள் ஆகஸ்ட் மாதம் டெ மாயினில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் கூடிப் போட்டியிடுவார்கள்.

எங்கே நடந்தாலும் தனி நேர்காணலுக்கு மதிப்பெண் அதிகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். அதில் இரண்டு கேள்விகள் கண்காட்சியைப் பற்றியே இருக்கட்டும்: சென்ற ஆண்டு எந்தப் பிரிவில் கூட்டம் குறைந்தது, நீங்கள் என்ன செய்வீர்கள்? கோழிக் கொட்டகையில் ஒரு குழந்தை அழுகிறது, என்ன செய்வீர்கள்? மனப்பாடம் செய்துவந்த பேச்சு இந்த இடத்தில் உதவாது. தன் கண்காட்சியின் பரிசுக் கையேட்டை ஒருமுறைகூடப் புரட்டாமல் வருபவர் இங்கேயே தெரிந்துவிடுவார். பிரிவுகள், சேர்க்கைக் கட்டணம், பரிசுத் தொகை, பொருள் கொண்டுவர வேண்டிய கடைசி நேரம் எல்லாம் அந்தக் கையேட்டில்தான் இருக்கும். முடி சூடிய பிறகு ராணியை மக்கள் அதிகம் கேட்பதும் அவற்றைத்தான்.

களத்தில் ரிப்பன் கொடுப்பது

வாரம் முழுவதும் ராணி அதிக நேரம் செலவிடுவது இங்கே. பார்க்க எளிது, தவறு நடக்க வாய்ப்பும் இங்கேதான் அதிகம்.

அமெரிக்க வழக்கில் நீலம் முதல் பரிசு, சிவப்பு இரண்டாம் பரிசு, வெள்ளை மூன்றாம் பரிசு. ஊதா நிறத்தில் பெரிய ரோஜாப்பூ மடிப்பு வைத்த ரிப்பன் ஒட்டுமொத்த வாகையருக்கு. வெளிர் ஊதா அதற்கு அடுத்தவருக்கு. பிள்ளைகளின் பிரிவில் பல இடங்களில் டேனிஷ் முறை என்ற மதிப்பீடு இருக்கிறது. அதில் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடமாட்டார்கள். ஒவ்வொரு பொருளையும் ஒரு தரவரையறையோடு ஒப்பிட்டு நீலமோ சிவப்போ வெள்ளையோ தருவார்கள். ஒரே வகுப்பில் ஆறு பேருக்கு நீலம் கிடைக்கலாம். இது தெரியாத ராணி ஒலிபெருக்கியில் ஒருவரை மட்டும் "முதல் பரிசு" என்று வாழ்த்தினால் மற்ற ஐந்து பேரின் வீட்டிலும் மனத்தாங்கல் வரும். எந்தக் களத்தில் எந்த முறை என்பதைக் காலையிலேயே களப் பொறுப்பாளரிடம் கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நடுவர் முடிவைச் சொல்லி, அதற்கான காரணத்தையும் விளக்கி முடிக்கும்வரை ராணி வாயிலருகே நிற்க வேண்டும். நடுவரின் விளக்கம் அந்தப் பிள்ளைக்குப் பரிசைவிடப் பெரிய பாடம். அதன் நடுவே கிரீடம் மின்ன உள்ளே நுழைந்தால் எல்லார் கண்ணும் திரும்பிவிடும். உள்ளே போனதும் நடையில் நிதானம் வேண்டும். காட்சிக்கு வரும் காயடித்த காளை 600 கிலோவை ஒட்டி இருக்கும். அதற்குப் பின்புறம் நேராகப் பார்வை எட்டாது. பின்னாலிருந்து யாராவது வந்தால் மிரளும். மாட்டின் உதை பக்கவாட்டிலும் பாயும். ஆகவே மாட்டின் கண்ணில் படும்படி முன்பக்கமாக, பிடித்திருப்பவரின் தோளருகே வர வேண்டும். மாட்டை இடப்பக்கம் நின்றுதான் பிடித்திருப்பார்கள். ராணியும் அந்தப் பக்கமே நிற்பது பாதுகாப்பு. தோள் பட்டையின் நுனி காற்றில் படபடத்தால் மாடு துள்ளும். இடுப்பில் ஓர் ஊக்குப் போட்டு அடக்குவதை மறக்கக் கூடாது.

விலங்குக்கு விலங்கு முறை மாறும். மாட்டுக்குத் தலைக்கயிறும் நீண்ட கோலும் உண்டு. பிடித்திருப்பவரின் இரண்டு கையும் அவற்றில் இருக்கும். செம்மறியைக் கயிறில்லாமல் கையாலேயே தாடையைத் தாங்கி, காலால் முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். பன்றிக்குக் கயிறே கிடையாது. சிறு கோலால் தட்டி ஓட்டவேண்டியதுதான். பன்றிக் களத்தின் நடுவில் நீட்டப்படும் ரிப்பனை வாங்க அந்தப் பிள்ளை கோலைக் கைமாற்றுவதற்குள் பன்றி அடுத்த பன்றியின் காதைக் கடித்திருக்கும். பன்றி களத்தைவிட்டு வெளியே போனபிறகு வாயிலில் கொடுப்பதே சரி. செம்மறிக்கு, உதவியாள் ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்ட பிறகு.

உடை பற்றியும் ஒரு சொல். மேடைக்கு நீள உடை. தொழுவத்துக்கு ஜீன்ஸ், முழுவதும் மூடிய தோல் பூட்ஸ், கழுத்துப் பட்டை வைத்த சட்டை. திறந்த காலணியோடு தொழுவத்துக்குள் ராணியை அனுப்பும் குழு, மாட்டுக் குளம்பு எவ்வளவு கனம் என்பதை மறந்த குழு. கிரீடத்தை வெறும் முடியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் சரியும். அது உட்காரும் இடத்தில் முடியைச் சீவி உப்பவைத்து அல்லது மெல்லிய பின்னல் போட்டு, கிரீடத்தின் இரு முனை வளையங்களிலும் கொண்டை ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தினால் நாள் முழுக்க நிற்கும். கோடை வெயிலில் உலோகம் சுடும். நெற்றித் தோலில் படாமல் முடிக்குமேல் இருக்கட்டும்.

ஏல நாள்

கண்காட்சியின் கடைசி நாட்களில் பிள்ளைகள் வளர்த்த விலங்குகள் ஏலத்துக்கு வரும். உள்ளூர் வங்கி, தீவனக் கடை, டிராக்டர் விற்பனையாளர் போன்றோர் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கேட்டு எடுப்பார்கள்; அந்தப் பணம் பெரும்பாலும் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்குப் போகும். பல இடங்களில் வாங்குபவர் தருவது ஊக்கத்தொகை மட்டுமே; விலங்கு சந்தை விலைக்கு இறைச்சிக் கூடத்துக்குப் போகும்.

ஏலம் விடுபவர் ஒவ்வொரு விலங்குக்கும் ஓரிரு நிமிடமே எடுப்பார். ராணி மேடை ஓரத்தில் நின்று வாகையர் பதாகையைப் பிடிப்பார், வாங்கியவரைப் படத்துக்கு அழைத்துவருவார், நன்றிக் கூடையைக் கொடுப்பார். வாங்குபவர் பெயரும் பிள்ளையின் பெயரும் பிழையில்லாமல் வாயில் வர வேண்டும். உச்சரிப்பைக் காட்டும் சிறு அட்டைகளை முதல் நாளே எழுதிவைப்பது இதற்கு ஒரே வழி. ஒரு வங்கி மேலாளரின் பெயரைத் தவறாகச் சொன்னால் அவர் அடுத்த ஆண்டும் வரக்கூடும்; பத்து வயதுப் பிள்ளையின் பெயரைத் தவறாகச் சொன்னால் அது அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.

ஏலம் முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் சில பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். மாதக்கணக்கில் தினமும் தீனி போட்டு, குளிப்பாட்டி, நடைபழக்கிய விலங்கு அன்றிரவே லாரி ஏறும். ராணியின் பயிற்சியில் யாரும் சொல்லித்தராத பகுதி இது, மிக முக்கியமான பகுதியும் இதுவே. "யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பார்கள்" என்று சொல்லக் கூடாது. பொய் ஆறுதல் மறுநாளே உடையும். விலங்கின் பெயரைக் கேட்கலாம். அது எதை விரும்பித் தின்றது, எப்போது முதன்முதலில் கயிற்றுக்குப் பழகியது என்று கேட்கலாம். படம் எடுக்கக் கூடாது. தானே ஒருநாள் அப்படி அழுத ராணி இதைச் சொல்லாமலே சரியாகச் செய்வார். நேர்காணலில் கால்நடை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் வைக்கவேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கை கழுவுவதும் பதவியின் பகுதிதான்

1999இல் நியூயார்க் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டி கண்காட்சியில் கிணற்று நீர் மாசுபட்டு, ஈ.கோலை ஓ157 உள்ளிட்ட கிருமிகளால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். 2012 கோடையில் எச்3என்2வி என்ற பன்றிக் காய்ச்சல் வகை 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. பெரும்பாலானோர் கண்காட்சிகளில் பன்றிகளோடு பழகியவர்கள். இண்டியானாவும் ஒஹாயோவும் அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்கள். 2024இல் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியபோது, மிச்சிகன் பால் தரும் மாடுகளைக் கண்காட்சிக்குக் கொண்டுவருவதையே தடைசெய்தது. மினசோட்டா பரிசோதனைச் சான்று கேட்டது.

பன்றிக் கொட்டகைக்குள் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் 65 வயதைக் கடந்தவர்களும் பன்றிகளிடமிருந்து தள்ளியிருப்பது நல்லது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. சுவரில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. ராணி கையில் எலுமிச்சைச் சாறு வைத்துக்கொண்டு பன்றிக்குட்டியோடு படம் எடுத்துக்கொண்டால் ஊரே அதைச் செய்யும். அவரே குழந்தைகளை வரிசையாகத் தண்ணீர்க் குழாய்க்கு அழைத்துப்போய் 20 நொடி சோப்புப் போட்டுக் கழுவவைத்தால் அதையும் செய்யும். அழுக்குப் படிந்த கையில் கிருமிநாசினித் திரவம் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

கேள்விகளும் ஊர்வலமும்

வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அவையே. சில எண்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள், ஆட்டுக்கு ஐந்து மாதம், பசுவுக்கு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். கோழிமுட்டை பொரிய 21 நாள். அமெரிக்கக் கறவைப் பசு நாளொன்றுக்குச் சராசரியாக 30 கிலோ பால் தரும். "இதைக் கொன்றுவிடுவீர்களா?" என்று குழந்தை கேட்டால் பெற்றோரின் முகத்தை ஒருகணம் பார்த்துவிட்டு, "ஆமாம், இது இறைச்சிக்காக வளர்க்கும் விலங்கு; அதனால்தான் இதை நன்றாகக் கவனித்துக்கொள்கிறோம்" என்று நேராகச் சொல்வதே முறை. விடை தெரியாவிட்டால் தொழுவக்காரரிடம் அழைத்துப்போவது நல்லது. ராணி விலகிக்கொண்டு அவர்கள் இருவரையும் பேசவிட வேண்டும்.

ஊர்வலத்தில் திறந்த காரின் பின்னிருக்கை முதுகின்மேல் உட்கார்வது வழக்கம். கார் திடீரென நின்றால் பிடிக்க எதுவும் இருக்காது. ஓட்டுநரோடு முன்கூட்டியே பேசி, நடை வேகத்தைத் தாண்டக் கூடாது என்று உறுதிசெய்ய வேண்டும். நகரும் வண்டியிலிருந்து மிட்டாய் எறியக் கூடாது. பொறுக்க ஓடும் பிள்ளைகள் சக்கரத்தடியில் விழுந்த விபத்துகளால் பல ஊர்களில் அதற்குத் தடையே இருக்கிறது. கூட நடப்பவர்கள் ஓரத்தில் நிற்பவர்களின் கையில் கொடுக்கலாம்.

கண்காட்சி முடிந்த பிறகு

இதற்குப் பிறகுதான் பல ராணிகள் காணாமல் போகிறார்கள். பள்ளி திறந்துவிடும், கல்லூரி வெளியூரில் இருக்கும். ஆனால் நன்கொடையாளர்களுக்குக் கையால் எழுதிய நன்றிக் கடிதங்கள் இரண்டு வாரத்துக்குள் போக வேண்டும். அடுத்த ஆண்டுப் பரிசுத் தொகையின் ஒரு பகுதி அவற்றைப் பொறுத்தது. இலையுதிர் காலத்தில் தொடக்கப் பள்ளிகளில் வேளாண் வகுப்பு, குளிர்காலத்தில் சங்க விருந்துகள், பக்கத்துக் கவுண்டி ராணிகளின் நிகழ்ச்சிகள். ஒஹாயோ, பென்சில்வேனியா, இல்லினாய் மாநிலங்களில் கண்காட்சி நிர்வாகிகளின் ஆண்டு மாநாடு ஜனவரியில் நடக்கும். ராணிகளின் மாநிலப் போட்டியும் அதோடு சேர்ந்தே.

இதற்கு நெருங்கிய உறவுள்ள பதவிகளும் உண்டு. மினசோட்டாவில் 1954 முதல் கவுண்டிப் பால் இளவரசிகளிலிருந்து ஒருவரை "பால்வெளியின் இளவரசி கே" என்று தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலக் கண்காட்சியில் அவருடைய தலையை 40 கிலோ வெண்ணெய்க் கட்டியில் செதுக்குவார்கள். அதற்காக அவர் சுழலும் கண்ணாடிக் குளிர் அறைக்குள் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் குளிரில் பல மணி நேரம் கனத்த மேலாடையோடு உட்கார்ந்திருப்பார். பிறகு அந்த வெண்ணெய் அவருடையது. பலர் அதை ஊர் மக்காச்சோள விருந்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வேடிக்கையாகத் தெரியும் இந்தச் சடங்கு பால் தொழிலைப் பற்றி ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் நின்று கேட்கவைக்கிறது.

குழுவின் கடமை ராணியின் கடமையைவிடக் குறைந்ததல்ல. பயணச் செலவைத் திருப்பித் தராத குழு, வசதியுள்ள வீட்டுப் பெண்ணால் மட்டும் ஏற்கக்கூடிய பதவியாக இதை ஆக்கிவிடுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத ராணியோடு எப்போதும் பெரியவர் ஒருவர் உடன்போக வேண்டும். இரவுப் பயணத்தில் அவரைத் தனியாக ஓட்டவிடக் கூடாது. சமூக ஊடகக் கணக்கு கண்காட்சியின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் ராணியிடமும் குழுவிடமும் இருக்கட்டும். தொல்லை தரும் செய்தி வந்தால் யாரிடம் சொல்வது என்பது ஒப்பந்தத்திலேயே பெயரோடு எழுதப்பட வேண்டும். ராணிக்குத் தேர்வோ காய்ச்சலோ வந்தால் அடுத்த இடம் பெற்றவர் போவார் என்பதும் அதில் இருக்கட்டும். சில கண்காட்சிகள் இப்போது ஆண்களும் சேரக்கூடிய தூதர் பதவியாக இதை மாற்றியுள்ளன. பெயர் எதுவானாலும் வேலைப் பட்டியல் அதேதான், ஆகவே அதை வரவேற்கலாம்.

பதவி முடியும் மாலையில் பழைய ராணி புதியவருக்கு முடிசூட்டுவார். அதற்கு முந்தைய வாரமே ஒரு குறிப்பேட்டையும் அவர் ஒப்படைக்க வேண்டும்: போன நிகழ்ச்சிகள், தேதி, தொடர்பு கொள்ளவேண்டிய பொறுப்பாளர், ஓடிய மைல், எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுபட்டது, எந்தக் களத்தில் டேனிஷ் முறை, எந்த நன்கொடையாளருக்குக் கடிதம் போனது. முதல் ராணிக்கு இது இரண்டு பக்கம் வரும். மூன்று, நான்கு பேர் தொடர்ந்து எழுதினால் புதிதாக வருபவர் முதல் நாளே களத்தில் இறங்கலாம்.